சேவல் காசு முதல் பறவை நோட்டு வரை

நம் சங்கம் தொடங்கப்பட்ட 1976ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரின் பறவை நோட்டுகளும் முதன்முதலில் வெளிவந்தன. முதல் சந்தாவாகச் சேர்ந்த பணத்தில் அந்தப் புது நோட்டுகளும் கலந்திருக்கும். சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு பத்திரமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் இருந்த பறவைகளைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பணமாற்று வியாபாரம் செய்யும் நான், நாள்தோறும் என் கையில் புழங்கும் பொருளைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். ஆனால் பழைய பணத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று விளங்கியது. இந்தத் தீவிலும் தீபகற்பத்திலும் பல மொழி பேசுவோர் ஒரே சந்தையில் கூடினார்கள். ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்க முடியாது. அந்தச் சந்தையில் எல்லோரும் அடையாளம் கண்டுகொண்ட உருவங்களில் விலங்கும் பறவையும் முக்கியமானவை.

எழுத்து ஒரு பக்கம், மான் மறுபக்கம்

இஸ்லாமிய நாணய வரலாற்றில் ஹிஜ்ரி 77ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் அரச உருவங்களை நீக்கிவிட்டு, எழுத்து மட்டுமே கொண்ட தங்க தினாரை அந்த ஆண்டில் வெளியிட்டார். கி.பி. கணக்கில் அது 696–697. அதன் பிறகு பல முஸ்லிம் நாடுகளின் காசுகளில் கலிமாவும் அரசர் பெயரும் ஆண்டும் மட்டுமே இடம் பெற்றன. மலாக்கா சுல்தான்கள் வார்த்த வெள்ளீயக் காசுகளும் எழுத்துக் காசுகளே.

ஆனால் இதே மலாய் மண்ணில் வேறொரு பழக்கமும் இருந்தது. பேராக் போன்ற ஈயம் விளையும் பகுதிகளில் முதலை, ஆமை, யானை, சேவல் வடிவங்களில் வெள்ளீயத்தை வார்த்தார்கள். இவை பணமாகப் புழங்கியதாக நாணய நூலார் கூறுவர். கெடாவில், அதாவது நம் பழந்தமிழர் கடாரம் என்று அழைத்த நாட்டில், வளையத்தின் மேல் சேவல் நிற்பது போன்ற ஈயப் பணமும் கிடைத்திருக்கிறது.

இந்த இரண்டு வழக்கங்களும் ஒன்றாகச் சேர்ந்த இடம் கிளந்தான். அங்கும் பத்தானியிலும் வழங்கிய சிறு தங்கக் காசு ஒன்றின் ஒரு பக்கம் ‘மலிக்குல் ஆதில்’ என்று அரபு எழுத்து இருக்கும். நீதியுள்ள அரசர் என்பது அதன் பொருள். மறுபக்கம் கிஜாங் எனப்படும் மான் நிற்கும். தமிழில் கேளையாடு என்று சொல்லப்படும் சிறிய மான் இது. கிளந்தானை ஆண்டதாகச் சொல்லப்படும் அரசி சே சித்தி வான் கெம்பாங்குக்கு அரபு வணிகர்கள் ஒரு கிஜாங்கைப் பரிசளித்தார்கள் என்றும், அவர் அதன்மீது கொண்ட அன்பினால் அதைத் தங்கக் காசில் பொறிக்கச் சொன்னார் என்றும் அந்த ஊர்க் கதை கூறுகிறது. நாணய ஆய்வாளர் சிலரோ, தென்னிந்தியக் காசுகளில் இருந்த திமில் காளைதான் வணிகர் வழியாக இங்கு வந்து, பிறகு மானாக மாறியது என்பார்கள். கதையை நம்பினாலும் ஆய்வை ஏற்றாலும் அந்த விலங்கைக் கொண்டுவந்தவர் வியாபாரியே. நம்மவர்க்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டு.

அந்த மான் இன்னும் ஓய்வு பெறவில்லை. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சின்னம் அதுவே. 2001ல் மலேசியா வெளியிட்ட தங்க முதலீட்டு நாணயத்தின் பெயரும் ‘கிஜாங் எமாஸ்’தான்.

வியாபாரிகள் அடித்த சேவல்

1819க்குப் பிறகு சிங்கப்பூர் துறைமுகம் வேகமாக வளர்ந்தது. சரக்கு இருந்தது, ஆள் இருந்தது, சில்லறை போதவில்லை. பெரிய வெள்ளிக் காசை வைத்துக்கொண்டு ஒரு கட்டு வெற்றிலையோ ஒரு படி உப்போ வாங்க முடியுமா? எனவே இங்கிருந்த ஐரோப்பிய வணிகர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செப்புக் காசுகளை அடித்து வரவழைத்தார்கள். அரசாங்கம் வெளியிட்ட பணம் அல்ல அது, வியாபாரிகளின் பணம்.

அவற்றுள் மிகவும் பெயர் பெற்றது சேவல் காசு. மலாய்க்காரர்கள் ‘டூயிட் ஆயாம்’ என்றார்கள். ஒரு பக்கம் கம்பீரமாக ஒரு சேவல், அதன் மேலே ஜாவி எழுத்தில் ‘தானா மெலாயு’, மலாய் நாடு என்ற சொற்கள். மறுபக்கம் ‘சத்து கெப்பிங்’ என்ற மதிப்பும் ஹிஜ்ரி 1247 என்ற ஆண்டும். அது கி.பி. 1831–32. பேராக், சிலாங்கூர், திரங்கானு என்று ஊர்ப் பெயர் பொறித்த காசுகளும் வந்தன. வணிகர்கள் அவற்றைக் கடல் கடந்து சுமத்திராவரை கொண்டு போனார்கள்.

எண்ணிப் பாருங்கள். காசை அடித்தவர் ஆங்கிலேயர். எழுத்து ஜாவி. ஆண்டு ஹிஜ்ரி. கையில் வாங்கியவர் சீனராக, பூகிஸ்காரராக, தமிழராக இருக்கலாம். ஜாவி படிக்கத் தெரியாதவருக்கும் சேவல் தெரியும். அந்தக் காசுக்குப் பின்னால் படையோ அரசோ இல்லாதபோது, சந்தை அதை ஏற்றுக்கொண்டதில் அந்தச் சேவலுக்கும் பங்கு இருந்தது.

கழுகு வெள்ளியும் நம் ‘வெள்ளி’யும்

சில்லறைக்குச் சேவல் என்றால் பெருந்தொகைக்குக் கழுகு. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகங்களில் பெரிய வியாபாரம் வெள்ளி டாலரில்தான் நடந்தது. அதிலும் மெக்சிகோ டாலர் அதிகம். கள்ளிச்செடியின் மேல் அமர்ந்து பாம்பைக் கவ்வும் கழுகு அதன் முத்திரை. அது எந்த நாட்டுக் கழுகு என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. கழுகு இருந்தால் வெள்ளி சரியாக இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

ஐந்தடி நடைபாதையில் சிறு மேசை போட்டு அமர்ந்த பணமாற்று வணிகருள் நம் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். காசைச் சுண்டிவிட்டு ஓசையைக் கேட்டு நல்லது கெட்டது சொல்வது அந்தத் தொழிலின் கல்வி. 1903ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி டாலர் வந்த பிறகு மெக்சிகோக் கழுகு மெல்ல விடைபெற்றது. ஆனால் அந்த உலோகத்தின் பெயர் நம் நாவில் தங்கிவிட்டது. ‘பத்து டாலர்’ என்று சொல்லாமல் ‘பத்து வெள்ளி’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் பழைய வெள்ளிக் காசின் ஓசை இருக்கிறது.

அடுத்து வந்த காலனிக் காசுகளில் பெரும்பாலும் மன்னர் தலைதான். மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியம் 1961ஆம் ஆண்டு தேதியிட்டு வெளியிட்ட 10 வெள்ளித் தாளில் எருமை பூட்டி உழும் விவசாயியைக் காணலாம். சேகரிப்போர் அதை இன்றும் ‘கெர்பாவ்’ நோட்டு என்கிறார்கள். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை.

1967: யாருடைய முகத்தைப் போடுவது?

1965ல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967 ஜூன் 12 அன்று மலேசியாவும் சிங்கப்பூரும் புருணையும் தத்தம் பணத்தை வெளியிட்டன. மூன்றும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாறின. மலேசியாவுடனான அந்த ஏற்பாடு 1973 மே மாதம் முடிந்தது. புருணையுடன் இன்றும் தொடர்கிறது.

புது நாட்டின் பணத்தில் என்ன போடுவது? நான்கு மொழிகள், பல சமயங்கள், இனக் கலவரத்தின் வடு ஆறாத ஆண்டுகள். ஒரு மனிதரின் முகத்தைப் போட்டால் அவர் எந்த இனம் என்ற கேள்வி எழும். சிங்கப்பூர் நோட்டில் ஆர்க்கிட் மலரைப் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த காசுகளில் நீரில் வாழும் உயிர்களைப் போட்டது.

5 காசில் கூட்டில் அமர்ந்து இறகு கோதும் பாம்புத்தாரா. 10 காசில் கடற்குதிரை. 20 காசில் வாள்மீன். 50 காசில் சிங்கமீன். 1 வெள்ளியில் இரு நெற்கதிர்களுக்கு நடுவே சிங்கம். 1 காசில் மட்டும் உயிரினம் இல்லை. அதில் அடுக்குமாடி வீடு. இவற்றை வடிவமைத்தவர் ஆஸ்திரேலியரான ஸ்டூவர்ட் டெவ்லின். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் தம் நாட்டின் புதிய காசுகளுக்கு அங்குள்ள விலங்குகளை வரைந்திருந்தார். 1971ல் உணவு வேளாண்மை அமைப்பின் நினைவாக அலுமினியத்தில் ஒரு 5 காசு வந்தது. அதில் வாவல் மீன். நாம் வாவல் என்கிறோம், மலாய்க்காரர் பாவால் என்கிறார்கள். மீன் சந்தையில் இரண்டும் ஒரே கூடையில்தான்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர்க் கரைகளிலிருந்து வந்த நம் பெரியவர்களுக்குக் கடல் உயிர்கள் புதியவை அல்ல. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அவை புதியவை அல்ல. எந்தச் சமூகமும் தனக்கு மட்டும் என்று சொல்ல முடியாத உருவங்கள் அவை. ஒரு தீவு நாட்டுக்கு அது பொருத்தமான தேர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பறவை நோட்டுகள்

1976ல் ஆர்க்கிட் போய்ப் பறவைகள் வந்தன. வரிசை இதுதான்: 1 வெள்ளியில் கரும்பிடரி ஆலா, 5ல் செம்மீசைச் சின்னான், 10ல் வெண்கழுத்து மீன்கொத்தி, 20ல் மஞ்சள் மார்புத் தேன்சிட்டு, 50ல் சோலைபாடி, 100ல் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான், 500ல் கரும்பிடரி மாங்குயில், 1,000ல் செம்பருந்து, 10,000ல் வெண்வயிற்றுக் கடற்கழுகு. சின்னானும் சோலைபாடியும் செம்பருந்தும் தமிழ்நாட்டிலும் உள்ளவை. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்ப் பறவையைப் பணத்தில் பார்த்தார்கள்.

நோட்டின் முன்புறம் பறவை, பின்புறம் வளரும் நாடு. 5 வெள்ளியின் பின்னால் கேபிள் கார், 10 வெள்ளியின் பின்னால் அடுக்குமாடி வீடுகள், 1,000 வெள்ளியின் பின்னால் கொள்கலன் துறைமுகம். 1979ல் வந்த 20 வெள்ளியின் பின்னால் சாங்கி விமான நிலையமும் கன்கார்ட் விமானமும். விமான நிலையம் திறந்தது 1981ல்தான். வரப்போவதை நோட்டு முன்கூட்டியே காட்டியது.

பறவைக்குத் தொழில் முறையிலும் ஒரு பயன் உண்டு. சிறகின் நுண்ணிய கோடுகளை அப்படியே நகலெடுப்பது கடினம். ஒரு கோடு பிசகினாலும் பழகிய கண்ணுக்குத் தெரியும். அதனால் சிறகு அழகுக்கு மட்டும் இல்லை, காவலுக்கும்தான்.

விடைபெற்ற உயிர்கள்

1984ல் பறவைகளின் இடத்தில் கப்பல்கள் வந்தன. 1985ல் காசுகளில் மீன்களுக்குப் பதில் செடி கொடிகள் வந்தன. அந்தக் காசுகளில்தான் ‘சிங்கப்பூர்’ என்ற பெயர் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. 1999ல் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் முகம் நோட்டுகளில் இடம் பெற்றது. சுதந்திரம் பெற்று 34 ஆண்டுகள் கழித்து, ஒரு மனிதரின் முகத்தை அனைவரும் தம் முகமாக ஏற்கும் நிலை வந்திருந்தது. 2013ல் வந்த காசுகளில் கட்டடங்களும் துறைமுகமும் இடம் பிடித்தன. 1 வெள்ளியில் மட்டும் மெர்லயன் இருக்கிறது. பாதி சிங்கம், பாதி மீன்.

பாலத்துக்கு அப்பால் விலங்குகள் இன்னும் பணத்தில் உள்ளன. 2012ல் மலேசியா வெளியிட்ட வரிசையில் 5 ரிங்கிட்டில் இருவாட்சிப் பறவை, 20 ரிங்கிட்டில் அழுங்காமையும் ஏழுவரி ஆமையும். திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு முட்டையிடக் கூட்டமாக வந்த ஏழுவரி ஆமையை இப்போது அங்கே காண்பது அரிது. நோட்டில் இருப்பதனால் மட்டும் ஓர் உயிர் பிழைத்துவிடாது என்பதற்கு அதுவே சாட்சி.

இங்கோ பணமே கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. 10,000 வெள்ளித் தாள் வெளியிடுவது 2014லும் 1,000 வெள்ளித் தாள் வெளியிடுவது 2021லும் நிறுத்தப்பட்டன. காப்பிக் கடையிலும் கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறோம். என் பிள்ளைகள் காசைச் சேர்ப்பதைவிடத் திரையில் எண்ணைப் பார்ப்பதே அதிகம்.

எங்கள் கடைக்கு அவ்வப்போது ஓர் உறையுடன் சிலர் வருவார்கள். வாப்பா மவுத்தான பிறகு அலமாரியில் கிடைத்தது என்பார்கள். உள்ளே பறவை நோட்டுகள் இருக்கும். ‘இதற்கு என்ன விலை?’ என்பதே முதல் கேள்வி. அவை இன்றும் செல்லும். வங்கியில் கொடுத்தால் முகமதிப்பு கிடைக்கும். நல்ல நிலையில் இருந்தால் சேகரிப்போர் கூடவும் கொடுப்பார்கள். ஆனால் ‘இதை ஏன் மாற்றாமல் வைத்திருந்தார்?’ என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. முதல் சம்பளமா, முதல் விற்பனையா, ஊருக்கு அனுப்ப வைத்து அனுப்பாமல் போனதா? அவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி அது. அவரோடு போய்விட்டது.

ஆகவே உறுப்பினர் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய நோட்டோ காசோ இருந்தால், இந்த வாரமே பெரியவர்களிடம் எடுத்துக் காட்டுங்கள். யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எதற்காக வைத்தது என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்த உறைக்குள்ளேயே வையுங்கள். நோட்டை விற்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம். எழுதிய தாளின் ஒரு பிரதியை மட்டும் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த மலருக்கு இதைவிட நல்ல வரலாறு நம் வீடுகளிலிருந்தே கிடைக்கும்.