ராபன் தீவின் தபால் பட்டங்கள்

கேப் டவுன் கரையில் நின்று பார்த்தால் ராபன் தீவு கண்ணுக்குத் தெரியும். நகரிலிருந்து சுமார் பதினோரு கிலோமீட்டர் தூரம்தான். தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க ஒரு காலத்தில் பயன்பட்ட இடம். 1960களில் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு தன்னை எதிர்த்தவர்களை அங்கே கொண்டுபோய் அடைத்தது. சுண்ணாம்புக் குவாரியில் கல் வெட்டி, கொட்டடியில் படுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் என்று காலம் தள்ளியவர்களில் பலர் அந்தச் சிறையில் பட்டதாரிகள் ஆனார்கள். அகமது கத்ராடா தம் சிறைக்காலம் முடிவதற்குள் நான்கு பட்டங்கள் வாங்கினார். அத்தனையும் தபாலில் படித்தவை.

இன்று கல்விச் சமத்துவம், சமூக நீதி என்பதையே பாடமாக வைத்து இணையவழி முதுகலைப் படிப்புகள் பல நாடுகளில் நடக்கின்றன. ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் வேலையை விடாமல், ஊரைவிட்டு நகராமல், இரவில் லேப்டாப் முன் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தர வேண்டிய வரலாறு ஒன்று உண்டென்றால் அது இந்தத் தீவின் வரலாறுதான். வகுப்பறைக்கு வர முடியாதவனுக்குப் பட்டப் படிப்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்பது இரண்டும் அங்கே பளிச்சென்று தெரிந்தன.

கல்லூரிக்கே போகாமல் பட்டம் வாங்கலாம் என்ற வழியை முதலில் திறந்தது லண்டன் பல்கலைக்கழகம். எந்தக் கல்லூரியிலும் சேராதவர்கள்கூடத் தேர்வு எழுதலாம் என்று 1858-இல் அது விதியை மாற்றியது. 1878-இல் பெண்களுக்கும் பட்டம் தர முன்வந்தது. பிரிட்டனில் அதற்கு முன் எந்தப் பல்கலைக்கழகமும் அதைச் செய்யவில்லை. அந்த லண்டன் மாதிரியைப் பார்த்து 1873-இல் கேப் டவுனில் ஒரு பல்கலைக்கழகம் உருவானது. பாடம் நடத்தாது, தேர்வு மட்டும் நடத்தும். 1916-இல் அது தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது, சுருக்கமாக யூனிசா. 1946-இல் அது தபால் வழியே பாடமும் நடத்தத் தொடங்கியது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த நாட்டுச் சட்டங்கள் எதிர்த் திசையில் ஓடின. 1953-இல் வந்த பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தாழ்ந்த தரத்தில் தனிப் பள்ளிக் கல்வியை வகுத்தது. 1959-இல் வந்த இன்னொரு சட்டம் வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவை மற்ற இனத்தாருக்கு அடைத்து, இனத்துக்கு ஒரு கல்லூரி என்று பிரித்தது. இந்தியர்களுக்கு ஒதுக்கிய கல்லூரி டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் 1960களின் தொடக்கத்தில் நடந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப் பிள்ளைகளும் அங்கேதான் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. யூனிசா மட்டும் தபாலில் எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொண்டது. ஒரே வகுப்பறையில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்காரத் தடை, ஆனால் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதலாம். ராபன் தீவுக் கைதிகளுக்கு இந்தச் சந்து போதுமானதாக இருந்தது.

படிக்க அனுமதி சும்மா கிடைக்கவில்லை. சிறை அதிகாரிகளிடம் மனுப் போட வேண்டும். கட்டணத்தைக் கைதியேதான் திரட்ட வேண்டும். குடும்பத்துக்கோ சாப்பாட்டுக்கே வழியில்லை, வெளியிலிருந்த ஆதரவாளர்கள்தான் கொடுத்தார்கள். அரசியல், ராணுவம் சார்ந்த புத்தகங்களுக்குத் தடை. ஒருவர் புத்தகத்தை இன்னொருவருக்கு இரவல் தரக் கூடாது. புத்தகமும் பாடக் குறிப்பும் தணிக்கையாளர் கையைத் தாண்டி வருவதற்குள் தேர்வே முடிந்துவிடுவதும் உண்டு.

மேசை விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே கைதியாக இருந்த நெல்சன் மண்டேலா தம் சுயசரிதையில் இதை விவரமாகச் சொல்கிறார். முதலில் கொட்டடிச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகையை அடித்துக் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் குவாரியில் கடப்பாரை பிடித்துவிட்டு வந்தவன் இரவில் நின்றுகொண்டே படிக்க வேண்டும். கத்ராடா விடாமல் புகார் சொன்னார்: நிற்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பலகை சரிவாக இருப்பதால் புத்தகமே வழுக்கி விழுகிறது என்றார். சிறைத் தலைமை அதிகாரி ஒரு நாள் திடுதிப்பென்று அவர் அறைக்குள் வந்து, ஒரு புத்தகத்தை வாங்கிப் பலகைமேல் வைத்தார். அது நகரவில்லை. அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று என்று மொத்தம் நான்கு வைத்தார். எதுவும் விழவில்லை. பலகையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறு மாதம் கழித்துத்தான் பலகையைக் கீழே இறக்கி, முக்காலி கொடுத்தார்கள்.

இன்னொரு கைதி மாக் மகராஜ் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். பாடத்துக்கு வேண்டும் என்று சொல்லி ‘எகனாமிஸ்ட்’ வார இதழுக்கு அனுமதி கேட்டார். கிடைக்கவே கிடைக்காது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் இதழ் வந்தது. செய்தித்தாளே பார்க்க விடாத சிறையில் உலகச் செய்தியெல்லாம் கைக்கு வந்துவிட்டது! அது என்ன பத்திரிகை என்று அதிகாரிகளுக்குப் புரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

சோற்றிலும் உடையிலும்கூட அரசு இனம் பார்த்தது. ஆப்பிரிக்கக் கைதிக்கு அரைக்கால் சட்டை, இந்தியக் கைதிக்கு முழுக்கால் சட்டை. இந்தியருக்கு ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கருக்கு இல்லை. காந்தியோடு சத்தியாக்கிரகத்தில் நின்ற தமிழர் தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 1963-இல் கைதாகி அந்தத் தீவில் பத்து ஆண்டுகள் இருந்தார். தாம் அங்கே பட்டதைப் பின்னால் வழக்கறிஞர் ஆல்பி சாக்ஸுடன் சேர்ந்து புத்தகமாக எழுதினார். பக்கத்தில் இருப்பவனுக்கு இல்லாத ரொட்டியைக் கையில் திணித்து ஒற்றுமையை உடைக்கப் பார்த்த இடம் அது.

அங்கே கைதிகள் செய்த பெரிய காரியம், தனி ஆளுக்குக் கிடைத்த படிப்பைப் பொதுச் சொத்தாக மாற்றியதுதான். இரவல் தரத் தடை இருந்தும் புத்தகம் கைமாறியது. பதிவு செய்தவர் ஒருவர், படித்தவர்கள் பலர். குவாரியில் கல் வெட்டிக்கொண்டே பாடம் நடந்தது. ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற நெவில் அலெக்சாண்டர் வரலாறு சொல்லிக்கொடுத்தார். வால்டர் சிசுலு நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் கதையை வரிசையாகச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் எழுத்துக் கற்பித்தார்கள். ராபன் தீவுப் பல்கலைக்கழகம் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கூட இருக்க யாருமே இல்லாமல் தனியாகப் படித்தவரும் ஒருவர் உண்டு. நிறவெறியை எதிர்த்த இன்னொரு அமைப்பான பான் ஆப்பிரிக்கவாதிகள் காங்கிரஸின் தலைவர் ராபர்ட் சொபுக்வேயின் மூன்றாண்டுத் தண்டனை 1963-இல் முடிந்தது. அவரை வெளியே விடாமல் வைத்திருக்கவே நாடாளுமன்றத்தில் ஒரு சட்டப் பிரிவைக் கொண்டுவந்து, ஆண்டுதோறும் நீட்டித்தார்கள். தீவில் ஒரு தனி வீட்டில், மற்றக் கைதிகளோடு ஒரு வார்த்தை பேச அனுமதியில்லாமல் ஆறு ஆண்டுகள் இருந்தார். அந்த நிலையிலும் லண்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டம் பெற்றார். தபால் வழிக் கல்விக்கு இதைவிடப் பெரிய பெருமை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனிதன் பேசுவதற்கு இன்னொரு மனிதனை அது தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படிப்பு அந்தச் சிறையில் உரிமையாக இருந்ததே இல்லை. எப்போது வேண்டுமானாலும் பறிக்கக்கூடிய சலுகையாகவே கடைசிவரை இருந்தது. மண்டேலா ரகசியமாக எழுதிய சுயசரிதையின் கைப்பிரதியைக் கொக்கோ டப்பாக்களில் அடைத்து முற்றத்தில் புதைத்திருந்தார்கள். சுவர் கட்டத் தோண்டியபோது அது அதிகாரிகள் கையில் சிக்கியது. தண்டனையாக மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவரின் படிப்பையும் 1977-இல் நிறுத்தினார்கள். நான்கு ஆண்டுகள் அவர்கள் எந்தத் தேர்வும் எழுத முடியவில்லை. மண்டேலா 1943-இல் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சட்டப் படிப்பு, லண்டன் வழியாகவும் பிறகு யூனிசா வழியாகவும் நகர்ந்து 1989-இல்தான் பட்டமாக முடிந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. அப்போதும் கைதியாகவே இருந்தார்.

டிக்காங் மொசெனெக்கே தீவுக்கு வந்தபோது சிறுவன். பதினைந்து வயதில் கைதாகி, பத்து ஆண்டுத் தண்டனை. பள்ளியிறுதித் தேர்வையே அங்கேதான் எழுதினார். ஆங்கிலமும் அரசியல் அறிவியலும் படித்து யூனிசாவில் இளங்கலை வாங்கினார், பிறகு சட்டம் படித்தார். 1993-இன் இடைக்கால அரசியல் சட்டத்தை வரைந்த தொழில்நுட்பக் குழுவில் அவரும் இருந்தார். 2005-இல் நாட்டின் துணைத் தலைமை நீதிபதி ஆனார்.

1996-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அடிப்படைக் கல்வியை எல்லோருக்கும் உரிமையாக்கியது. மேற்படிப்பை அரசு படிப்படியாக எல்லோருக்கும் எட்டும்படி செய்ய வேண்டும் என்றது. யூனிசாவில் இன்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள், தபாலின் இடத்தை இணையம் பிடித்துவிட்டது. பணம் மட்டும் இன்னும் குறுக்கே நிற்கிறது. 2015 அக்டோபரில் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர் போராட்டம் வெடித்தது. தொடங்கிய இடம் விட்ஸ் பல்கலைக்கழகம். பிரிட்டோரியாவில் அரசுத் தலைமைச் செயலகம்வரை மாணவர்கள் திரண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டுக்குக் கட்டண உயர்வு கிடையாது என்று அக்டோபர் 23-ஆம் தேதி ஜனாதிபதி ஜேக்கப் சூமா அறிவித்தார். முறையான பள்ளிப் படிப்பு இல்லாமல் ராபன் தீவில் பத்து ஆண்டுகள் கைதியாக இருந்தவர் அவர்.