இரட்டைக்குழலும் முத்திரையும்

கொல்லாமையை விரதமாகக் கொண்ட சமண வியாபாரிக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயந்தான். ஆயுதத்தைப் பிறர் கையில் கொடுப்பதே எங்கள் இல்லறத்தாருக்கு விலக்கு. ஆனால் எடையும் முத்திரையும் எங்கள் பிழைப்பு. துப்பாக்கியின் சரித்திரமும் அளவின் சரித்திரந்தான்.

2022 மே மாதம், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. சுடும் பணி துப்பாக்கி உரிமம் உள்ளவர்களுக்கு. ஆகவே நெடுமங்காடு பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் தாத்தா காலத்து இரட்டைக்குழலைப் பற்றிய விவரம் தேவை.

12 போர் என்றால் என்ன? குழலின் உள்விட்டத்துக்குச் சரியான ஈயக்குண்டு 12 சேர்ந்தால் ஒரு ராத்தல். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 2½ அங்குலம். இன்று பரவலாக உள்ள தோட்டா 70 மில்லிமீட்டர், அதாவது 2¾ அங்குலம். இது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். அதனால் வெடிக்காத தோட்டா குட்டை அறையிலும் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும்.

"அறையைக் கால் அங்குலம் கடைந்துவிட்டால் ஆச்சு" என்பார்கள். அப்படியல்ல. கடைந்தால், அழுத்தம் மிகுந்த பகுதியிலேயே குழலின் சுவர் மெலியும். பர்மிங்காமில் 1813-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சோதனைச்சாலை, வழக்கத்தைவிடக் கனமான மருந்தால் சுட்டுப் பார்த்த பிறகே குழலில் முத்திரையிட்டது. 1925 விதிகளுக்குப் பின் அறையின் நீளமும் பொறிக்கப்பட்டது. அறையை நீட்டினால் அந்த முத்திரை செல்லாது, மறுசோதனை வேண்டும்.

பூட்டைக் கழற்றித் துடைப்பது, தளர்ந்த மூட்டை இறுக்குவது, ஸ்பிரிங் மாற்றுவது எல்லாம் தொழிற்சாலை சர்வீஸ். அறையை நீட்டுவது துப்பாக்கியையே மாற்றுவது. 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்ப்பதற்கும் உருமாற்றுவதற்கும் சோதிப்பதற்கும் உரிமம் வேண்டும்.

கள்ள அளவை வைத்திருப்பதைத் திருடாமை விரதத்தின் மீறல்களில் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. முத்திரையிட்ட எடைக்கல்லை ராவினால் வாங்குகிறவர் காசு போகும். முத்திரையிட்ட குழலை ராவினால் சுடுகிறவர் விரலும் கண்ணும் போகும். ஆகவே உரிமம் பெற்ற கைவினைஞரிடம் கொடுத்து முதலில் முத்திரையைப் படிக்கச் சொல்லுங்கள். 2½ என்றிருந்தால் அதற்குரிய தோட்டா மட்டுமே. கிடைக்காவிட்டால் அந்தத் துப்பாக்கி சும்மா இருக்கட்டும்.