முதல் பக்கத்தில் ஓர் இடம்

1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் உலகின் முதல் தொலைபேசிப் பட்டியல் வெளிவந்தது. ஒற்றை அட்டை, அதில் 50 பெயர்கள். எண்கள் கிடையாது, பெயரைச் சொன்னால் இணைப்பகத்தில் இருப்பவர் இணைத்துவிடுவார். மருத்துவர், பல் மருத்துவர், கடைகள், இறைச்சி மீன் அங்காடிகள் என்று அப்போதே வகை பிரித்திருந்தார்கள். 50 பேரில் ஒருவரைத் தேடுவது யாருக்கும் சிரமமில்லை. பட்டியல் புத்தகமாகப் பருத்து, வணிகர்களுக்கென்று மஞ்சள் தாளில் தனிப் பகுதி வந்தபிறகுதான் சிக்கல் தொடங்கியது. குழாய் ரிப்பேர் செய்பவர்கள் மட்டுமே பல பக்கங்களுக்கு நீண்டார்கள். அகரவரிசையில் முதலில் நிற்பவருக்குத்தான் முதல் அழைப்பு போகும். அமெரிக்க நகரங்களில் ‘ஏ.ஏ.ஏ.’ என்று தொடங்கும் பூட்டுக் கடைகளும் பிளம்பிங் கடைகளும் முளைத்தது அதனால்தான்.

தேடுபொறியில் ஒரு தளத்தை முன்னால் வரவைக்கும், இன்று எஸ்.இ.ஓ. என்று சொல்லப்படும் தொழிலின் வேர் அங்கே இருக்கிறது. கூகுள் தேடலில் முன்னால் வர ஒரு சிறுகடைக்காரர் செய்ய வேண்டியவை என்று இப்போது ஒரு பாடம் சொல்லித் தரப்படுகிறது. பக்கத்துக்குப் பொருத்தமான தலைப்பு வை, விற்பதைத் தெளிவாக எழுது, சொல்லையே திரும்பத் திரும்பத் திணிக்காதே, காசு கொடுத்து இணைப்பு வாங்காதே, முகவரியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கொடு. பள்ளிக்கூட விதிகள்போல் தோன்றும் இவற்றில் பல ஏதோ ஒரு தகிடுதத்தத்துக்குப் பிறகு பிறந்தவை. தகிடுதத்தம் செய்தவர் ஒருவராக இருக்க, விதி இறுகியபோது அடிபட்டவர் பெரும்பாலும் வேறொருவர்.

1994 தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்களுக்குப் பிடித்த இணையதளங்களைத் தொகுக்க ஆரம்பித்தார்கள். அது விரைவில் யாஹூ ஆயிற்று. அது தேடுபொறி அல்ல, மனிதர்கள் பார்த்துப் பார்த்து வகைப்படுத்திய அட்டவணை. ஒவ்வொரு வகைக்குள்ளும் தளங்கள் அகரவரிசையில் நின்றன. மஞ்சள் பக்கத்துப் பழக்கம் அப்படியே இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. பெயரின் முன்னால் எண்ணையோ ‘ஏ’ எழுத்தையோ ஒட்டிக்கொண்ட தளங்கள் பெருகின. சேர்க்கச் சொல்லி வந்த விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. 1999இல் யாஹூ வணிகத் தளங்களுக்கு ஒரு வழி திறந்தது: 199 டாலர் கட்டினால் விண்ணப்பத்தைச் சீக்கிரம் பரிசீலிப்பார்கள். பரிசீலிப்பதற்குத்தான் அந்தப் பணம். சேர்ப்பதாக வாக்குறுதி கிடையாது. ஊர்ப்பக்கம் மெழுகுவத்தி செய்து விற்பவருக்கும் பெரிய நிறுவனத்துக்கும் அதே 199 டாலர்தான். கேட்பதற்குச் சமத்துவம் போல இருக்கும். உண்மையில் சிறியவரை வாசலிலேயே நிறுத்திய கட்டணம் அது.

இதற்கிடையில் இயந்திரங்கள் படிக்கத் தொடங்கியிருந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் 1994இல் வெளியிட்ட வெப்கிராலர், பக்கத்தின் தலைப்பை மட்டுமல்லாமல் அதில் இருந்த எல்லாச் சொற்களையும் பதிந்துவைத்தது. 1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆல்டாவிஸ்டா வந்து அதைவிடப் பெரிய வலையை வீசியது. இந்தத் தேடுபொறிகள் பக்கத்தில் எழுதியிருந்ததை நம்பின. தேடிய சொல் எத்தனை முறை வருகிறது, எங்கே வருகிறது என்பதே தரவரிசைக்குப் பெரிதும் ஆதாரம். பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், ‘இந்தப் பக்கம் எதைப் பற்றியது’ என்று தேடுபொறிக்கு மட்டும் சொல்லும் குறிச்சொல் வரி ஒன்றும் இருந்தது.

நம்பிக்கையை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்று கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூற்றுக்கணக்கில் அடித்துவைத்தார்கள். குறிச்சொல் வரியில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத புகழ்பெற்ற பெயர்களைச் சேர்த்தார்கள். இணைய முகவரிச் சட்டத்தில் பெயரெடுத்த ஒரு வழக்கறிஞர் நிறுவனம், தன் பெயரை வேறு சில தளங்கள் குறிச்சொல்லாக ஒளித்துவைத்திருப்பதைக் கண்டு 1997இல் நீதிமன்றம் போனது. அந்த வரிக்கு இருந்த மதிப்பு மெல்லச் செத்தது. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்த வரியை நிரப்பித் தருவதாகச் சொல்லிச் சிறுகடைகளிடம் காசு வாங்கியவர்கள் உண்டு. கடைக்காரருக்கு உள்ளே நடப்பது தெரியாது என்பதுதான் இந்தத் தொழிலின் இருண்ட பக்கத்துக்கு முதலீடு.

லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுளை நிறுவியபோது கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைவிட, மற்றவர்கள் அதை எவ்வளவு சுட்டுகிறார்கள் என்பது பெரிது. ஆய்வுலகில் ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி அதன் மதிப்பை அளக்கும் வழக்கம் அறுபதுகளிலேயே நிலைபெற்றிருந்தது. யூஜீன் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை அதற்கு அடித்தளம். அதே கணக்கை இணைப்புகளுக்குப் பொருத்தியதுதான் பேஜ்ரேங்க். மதிப்புள்ள பக்கம் தரும் இணைப்புக்கு எடை கூடுதல். கல்யாணச் சமையலுக்கு ஆள் பிடிக்கும்போது சமையல்காரர் சொல்லும் பெருமையைக் காதில் போட்டுக்கொள்ளாமல், சாப்பிட்டுப் பார்த்த உறவினர்களிடம் விசாரிப்பது போன்ற முறை இது. நல்ல யோசனை. ஆனால் விசாரிக்கப்படுகிறவர்களை விலைக்கு வாங்க முடியும்.

2000 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட கருவிப்பட்டை, எந்தப் பக்கத்துக்கும் அதன் பேஜ்ரேங்க் மதிப்பை 0 முதல் 10 வரையிலான எண்ணாகக் காட்டியது. மதிப்புக்கு எண் கிடைத்ததும் அதற்கு விலையும் வந்துவிட்டது. ஒக்லஹோமாவில் சர்ச்கிங் என்ற நிறுவனம் உயர்ந்த மதிப்புள்ள தளங்களில் இணைப்பு விற்கும் தரகைத் தொடங்கியது. கூகுள் அதன் மதிப்பைக் குறைத்தது. சர்ச்கிங் 2002இல் வழக்குப் போட்டது. 2003இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது: பேஜ்ரேங்க் என்பது கூகுளின் கருத்து, கருத்துச் சுதந்திரத்துக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு. ஒரு கடையின் பிழைப்பையே தீர்மானிக்கும் வரிசை, சட்டத்தின் பார்வையில் ஒரு நிறுவனத்தின் அபிப்பிராயம் மட்டுமே. இந்த வரலாற்றில் சிறுவணிகர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

அதன் பொருள் அதே ஆண்டு நவம்பரில் புரிந்தது. கூகுள் தன் கணக்கீட்டைப் பெரிய அளவில் மாற்றியது. வெளியில் அதற்கு ‘ஃபுளோரிடா’ என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிக்கும் வாரங்கள். கிடங்கில் சரக்கை நிரப்பிவிட்டுக் காத்திருந்த சிறு இணையக் கடைகள் பல ஓர் இரவில் முதல் பக்கத்திலிருந்து காணாமல் போயின. சொற்களைத் திணித்தவர்களோடு, ஒரு குற்றமும் செய்யாதவர்களும் விழுந்தார்கள். முறையிட ஒரு கதவுகூட இல்லை.

2010 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு செய்தி பலரை உலுக்கியது. ‘டெகார்மைஐஸ்’ என்ற மூக்குக்கண்ணாடிக் கடை வாடிக்கையாளர்களை மிரட்டியது, திட்டியது. அவர்கள் இணையத்தில் புகார் எழுதினார்கள். புகார்களில் கடையின் முகவரிக்கு இணைப்பு இருந்தது. இணைப்பு கூடக் கூடத் தேடலில் தன் கடை மேலே வருவதாக அதன் உரிமையாளரே பெருமையாகச் சொன்னார். சில நாட்களில் கூகுள் தன் கணக்கீட்டைத் திருத்தியது. அந்த மனிதர் பின்னர் சிறைக்குப் போனார். சுட்டிக்காட்டுவது எல்லாம் பரிந்துரை ஆகாது என்பதை ஓர் இயந்திரத்துக்குக் கற்பிக்க இத்தனை பேர் அழ வேண்டியிருந்தது.

பெரியவர்களும் பிடிபட்டார்கள். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தைக் கூகுள் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. தேடுபொறிக்கு மட்டும் காட்டுவதற்கென்று, ‘பழைய கார்’ என்ற சொல்லைத் திணித்த பக்கங்கள் அங்கே இருந்தன. சில நாட்களிலேயே அந்தத் தளம் திரும்பி வந்துவிட்டது. 2011 பிப்ரவரியில் ஜே.சி.பென்னி என்ற பெருங்கடை, சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான தளங்களிலிருந்து வந்த இணைப்புகளின் பலத்தில் மேலே நின்றது அம்பலமானது. கீழே தள்ளப்பட்டு, சில மாதங்களில் அதுவும் மீண்டது. சிறியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, காசுக்கு வாங்கிய இணைப்புகளைத் தண்டித்தது. தரகரை நம்பி மாதச் சந்தா கட்டிய கடைகள் விழுந்தன. தவறைத் திருத்திக்கொண்டாலும் கூகுள் அடுத்த முறை அந்தக் கணக்கை ஓட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 இறுதியில் ஒரு முறை ஓடியது. அடுத்தது 2016 செப்டம்பரில்தான். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு வியாபாரம் படுத்தால் பி.எம்.டபிள்யூ. தாங்கும். தெருமுனைக் கடை தாங்காது.

சிறுவணிகருக்கு உண்மையில் உதவிய மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. 2004இல் கூகுள் உள்ளூர்த் தேடலையும், 2005இல் வரைபடத்தையும் கொண்டுவந்தது. கடைக்காரர் தானே தன் விவரத்தைப் பதியலாம், கட்டணம் இல்லை. அந்தப் பதிவு 2014இல் ‘கூகுள் மை பிசினஸ்’ ஆகி, 2021இல் ‘கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்’ என்று பெயர் மாறியது. பக்கத்துத் தெருவில் இருப்பதே இங்கே தகுதி. உலகம் முழுவதும் உள்ள கடைகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் 2015இல் கூகுள் வரைபடத்தோடு காட்டும் உள்ளூர்க் கடைகளின் எண்ணிக்கையை ஏழிலிருந்து மூன்றாகக் குறைத்தது. நான்காவது கடைக்கு மஞ்சள் பக்கத்தில் கிடைத்த மரியாதைகூட அதற்குமேல் கிடைக்கவில்லை.

இந்த உள்ளூர்க் கணக்கில் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எல்லாத் தளங்களிலும் ஒத்திருக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். தமிழ்நாட்டில் அதுவே கடினம். சென்னையில் ஒரே கட்டடத்துக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ‘பேருந்து நிலையம் எதிரில்’ என்பதுதான் பல ஊர்களில் முழு முகவரி. மீனாட்சி என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். 1996இல் வி.எஸ்.எஸ். மணி தொடங்கிய ஜஸ்ட் டயல் என்ற கடை விவரச் சேவையில் தொலைபேசியின் மறுமுனையில் மனிதர் இருந்தார். கேட்டவர் சொன்னதை அனுமானித்துச் சரியான கடையைக் கொடுக்க அவரால் முடிந்தது. இயந்திரத்துக்குக் கடைக்காரர்தான் ஒரே மாதிரி எழுதித் தர வேண்டும்.

தமிழில் எழுதிய தளங்களுக்கு இன்னும் ஆழமான சிக்கல் இருந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் நிறுவனமும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும், கணினிக்குள் பதிவாகியிருந்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். தேடுபொறி அதைத்தான் படித்தது. எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அந்தப் பக்கம் தமிழில் தேடியவருக்கு அகப்படவே அகப்படாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு குறியீடுகளை ஒழுங்குபடுத்த முனைந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். ஆங்கில உலகம் வெள்ளை எழுத்தை ஒளித்துவைத்துத் தேடுபொறியை ஏமாற்றிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், தமிழ்த் தளங்கள் பட்டப்பகலில் எழுதியும் அதன் கண்ணில் படாமல் இருந்தன. அந்தப் பழைய எழுத்துருப் பக்கங்களில் மாற்றப்படாதவை இன்றும் தேடலுக்கு வெளியேதான் இருக்கின்றன.

2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும் கூகுள் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடைகளைக் காட்டத் தொடங்கியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் கடையின் பக்கத்துக்குப் போக வேண்டிய அவசியம் வாசகருக்கு இல்லை. அந்தச் சுருக்கத்தில் பெயர் வரவைப்பதாகச் சொல்லிப் புதிய சேவைகள் விற்பனைக்கு வந்தாயிற்று.