ஐந்து வரி ரிப்போர்ட்டுக்கு ஓர் உரை

மூலம்:

பிறந்த நாடு: சீனா. வயது: 46.
ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென்: ரியாக்டிவ்.
ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி, மொத்தம்: ரியாக்டிவ்.
ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிபாடி: 10-க்குக் கீழ்.
மருத்துவரைப் பார்க்கவும்.

இது ஒரு தனி ஆளின் ரிப்போர்ட் அல்ல. சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனிலோ நியூயார்க்கின் ஃப்ளஷிங்கிலோ சோதனை முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த பலருக்கும் கிடைக்கக்கூடிய தாளின் அச்சு. பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான். சூத்திரம் மாதிரி இறுக்கமான வாசகம். உரை சொல்ல ஆள் இல்லாமல் கையில் கொடுத்தால், வாங்கியவர் ஒன்று பயந்து நடுங்குவார், இல்லை நாலாக மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்.

‘பிறந்த நாடு: சீனா. வயது: 46.’

எந்த இயந்திரமும் அளக்காத வரி இது. ஆனாலும் மற்ற வரிகள் எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன. ஒரு நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேருக்காவது இந்த வைரஸ் உடம்பில் தங்கியிருந்தால், அந்த நாட்டில் பிறந்து இங்கே குடிவந்த எவரையும் சோதித்துப் பாருங்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008-இல் சொன்னது. அதற்கு முன் நூற்றுக்கு எட்டு என்று இருந்தது. எட்டு இரண்டானதில் இந்தியாவில் பிறந்தவர்களும் கணக்குக்குள் வந்துவிட்டார்கள். சான் ஹோசேயில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வருஷா வருஷம் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்த்து எண்களை ஒப்பிக்கிறவர்களிடம் இதைக் கேட்டால், “அது சீனர்களுக்குத்தானே?” என்பார்கள்.

ஊரை ஏன் கேட்க வேண்டும், போதை ஊசி போட்டுக்கொண்டாயா, பலரோடு உறவா என்றல்லவா கேட்க வேண்டும் என்று தோன்றலாம். அந்தக் கேள்விகளும் உண்டு. ஆனால் இந்த வைரஸின் கணக்கு, தொற்றுகிற வயதில் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிரந்தரமாகத் தங்கும். மற்றவர்கள் உடம்பே அதை விரட்டிவிடும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போனால் நூற்றுக்குத் தொண்ணூறு தங்கிவிடும். பச்சைக் குழந்தையின் உடம்பு அதை வேற்றாள் என்று கண்டுகொள்வதில்லை. ஆகவே நம் 46 வயதுக்காரர் பெரும்பாலும் பிறந்த அன்றோ, நடக்கப் பழகும் முன்போ இதை வாங்கியிருப்பார். அவருடைய நடத்தையைக் குடைந்தால் ஒன்றும் கிடைக்காது. சீனாவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1992-இல். அவர் அதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டார். ‘வயது: 46’ என்ற அடைக்குள் இவ்வளவும் இருக்கிறது.

2023-இல் அதே மையம் ஒரு படி மேலே போனது. 18 வயது நிரம்பிய எல்லோரும் வாழ்நாளில் ஒரு முறையாவது மூன்று சோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளட்டும் என்றது. அப்படியானால் பிறந்த நாட்டை எதற்குக் கேட்பது? எல்லோருக்கும் பொது என்றால் யாரையும் சுட்டியதாகாது, அது நல்லது. ஆனால் எல்லோருக்கும் என்று சொன்ன வேலை ஒருவருக்கும் நடக்காமல் போவதை நாம் பார்த்திருக்கிறோம். இந்த வரி இருக்கட்டும் என்பதே என் கட்சி.

‘மேற்பரப்பு ஆன்டிஜென்: ரியாக்டிவ்.’

வைரஸின் மேற்சட்டைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது. அதாவது வைரஸ் உள்ளே குடியிருக்கிறது. 1960-களில் விஞ்ஞானி பாருக் பிளம்பெர்க் இதை முதலில் பார்த்தது ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்தில். அதனால் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார். பிறந்த ஊர் பேரை ஒட்டும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது! அவருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூலை 28 இன்று உலக ஹெபடைடிஸ் தினம்.

நம் காதில் இந்த வரி ‘காமாலை’ என்று விழும். கண் மஞ்சளித்தால்தானே காமாலை? இவருக்கு மஞ்சளே இல்லை. வலியும் இல்லை; பசி, தூக்கம், வேலை எல்லாம் பழையபடி. முப்பது நாற்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டும். சுருக்கம் வராமலே புற்று வருவதும் இந்த வைரஸில் உண்டு. 2022 கணக்கில் உலகத்தில் 25.4 கோடிப் பேர் இந்த வைரஸோடு இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் அதில் நூற்றுக்கு 13 பேர்.

காமாலை என்றதும் கீழாநெல்லி ஞாபகம் வரும். பிளம்பெர்க்குக்கும் வந்தது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியை இந்த வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பாதிப் பேருக்கு மேல் ஆன்டிஜென் மறைந்தது என்று 1988-இல் லான்செட் இதழில் எழுதியபோது, கூட எழுதியவர்களில் பிளம்பெர்க்கும் ஒருவர். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. இலையை நம்பி ரிப்போர்ட்டை மடித்து வைக்க வேண்டாம்.

‘கோர் ஆன்டிபாடி, மொத்தம்: ரியாக்டிவ்.’

தடுப்பூசி இந்த ஆன்டிபாடியை உண்டாக்காது. உண்மையான வைரஸைச் சந்தித்த உடம்பில்தான் இது வரும். நம்மவருக்கு மேல்வரியே சொல்லிவிட்டதால் இது வழிமொழிதல்தான். மேல்வரி நெகட்டிவாகி இது மட்டும் ரியாக்டிவ் ஆனவருக்கோ இது மிகவும் முக்கியம். என்றோ வந்து போன வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் உறங்குகிறது என்றே பெரும்பாலும் பொருள். பின்னாளில் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து ஏற்றினால் அது எழுந்துவிடலாம். புற்றுநோய் மருத்துவரிடம் இந்த வரியைக் காட்டாமல் இருக்கக் கூடாது.

‘மேற்பரப்பு ஆன்டிபாடி: 10-க்குக் கீழ்.’

எதிர்ப்பு இல்லை. மற்ற இரண்டும் நெகட்டிவாக இருந்து இது பத்தும் அதற்கு மேலும் என்றால், தடுப்பூசி பிடித்திருக்கிறது. இவருக்கு இனித் தடுப்பூசி பயன்படாது. மனைவிக்குப் பயன்படலாம், முதலில் அவரையும் சோதிக்க வேண்டும்.

‘மருத்துவரைப் பார்க்கவும்.’

ரிப்போர்ட்டில் மிகச் சிறியதும் மிகக் கடினமானதுமான வரி இதுதான்.

பார்த்தால் என்ன ஆகும்? ஆறு மாதம் கழிந்தும் ஆன்டிஜென் இருந்தால் நாள்பட்ட தொற்று என்று முடிவு செய்வார்கள். கல்லீரல் என்சைம், ரத்தத்தில் வைரஸின் அளவு இரண்டையும் பார்ப்பார்கள். வேண்டியவருக்கு டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர், தினம் ஒரு மாத்திரை. வைரஸை அடக்கும், அடியோடு ஒழிக்காது. மாத்திரை வேண்டாதவரும் கண்காணிப்பை விட முடியாது. ஆசியாவில் பிறந்த ஆண் நாற்பது தாண்டினால், சுருக்கம் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரலை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். முதல் வரியில் இருந்த 46 இங்கே மறுபடி வேலை செய்கிறது.

ஆனால் அவர் போவாரா? போகாததற்கு இன்சூரன்ஸ், மொழி, கடையில் லீவு என்று காரணங்கள் உண்டு. என் கணிப்பில் பெரிய காரணம் சாப்பாட்டு மேசை. சீனக் குடும்பத்தில் தட்டுகள் நடுவில் இருக்கும். ஆளாளுக்குத் தன் குச்சியால் எடுத்து, பக்கத்தில் இருப்பவர் கிண்ணத்திலும் போடுவார்கள். ரிப்போர்ட் வெளியே தெரிந்த அன்று அவருடைய குச்சி தனியாகிவிடும். உண்மையில் இது ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிக்கொள்வதாலோ தொற்றுவதில்லை. ரத்தம், உடலுறவு, பிரசவம், இவைதான் வழி. எச்சில் பார்க்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, சொன்னால் மட்டும் அந்தக் குச்சி மேசைக்குத் திரும்பிவிடாது என்று தெரியும். கலிஃபோர்னியா அரசியல்வாதி ஃபியோனா மா, தாயிடமிருந்து தனக்கு இது வந்தது என்று பொதுவில் சொல்லி, 2007-இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ ஹெபடைடிஸ் பி ஒழிப்பு இயக்கத்துக்கு முகமாக நின்றது அதனால்தான் பெரிய காரியம்.

இரண்டாவது காரணம், இந்தத் தாளை யார் கேட்கிறார்கள் என்பது. வளைகுடா வேலைக்குப் போகிறவர் சென்னையில் மெடிக்கல் எடுக்கிறாரே, அங்கேயும் இதே ஆன்டிஜென் சோதனைதான். ரியாக்டிவ் என்றால் ‘அன்ஃபிட்’. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தோடு பிளேனும் போயிற்று. அந்தச் சான்றிதழுக்கு ஃபிட்டா அன்ஃபிட்டா என்ற ஒரு சொல் போதும். ‘மருத்துவரைப் பார்க்கவும்’ என்ற வரிக்கு அதில் வேலை இல்லை. ஒரே குழாய் ரத்தம்தான். அங்கே கழிக்க, இங்கே காக்க. சீனாவிலும் வேலைக்கும் படிப்புக்கும் சேரும்போது இந்தச் சோதனையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2010-இல்தான் அரசு அதை நிறுத்தச் சொன்னது. அந்த ஊரில் வாலிபத்தைக் கழித்தவர் அமெரிக்காவில் ஒரு நர்ஸ் நீட்டும் படிவத்தைச் சந்தேகமாகப் பார்த்தால் அது அறியாமை ஆகாது. அமெரிக்காவிலேயே நியூ ஜெர்சியில், இந்தத் தொற்று இருக்கிறது என்று மருத்துவப் படிப்பில் இரண்டு பேரைச் சேர்க்க மறுத்தார்கள்; புகார் அமெரிக்க நீதி அமைச்சகம் வரை போய், 2013-இல் சமரசம் ஆனது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர்களுக்கு இடம் கிடைத்தது. முகாம் போடுகிறவர்கள் ரத்தம் எடுக்கும் முன் இதைச் சொல்லலாம் என்பேன்: இந்தத் தாளைக் காட்டி உங்களை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு எதிராக இங்கே சட்டம் இருக்கிறது.

‘பார்க்கவும்’ என்பதற்கு எழுவாய் இல்லை. ‘நீங்கள்’ என்று நாம் சேர்த்துக்கொள்கிறோம். ஒருமை போதாது, பன்மையாகக் கொள்ள வேண்டும். அவருக்குத் தாயிடமிருந்து வந்தது என்றால் அக்காவுக்கும் தம்பிக்கும் வந்திருக்கலாம். அக்கா இன்னும் குவாங்டாங்கில் இருக்கலாம். தம்பி, பெற்றோர் கப்பலேறிய பின் 1985-இல் ஓக்லண்டில் பிறந்திருக்கலாம். அமெரிக்காவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பூசி என்று ஆனது 1991-இல். அந்தத் தம்பி ஒருநாள் இதே முகாமுக்கு வந்தால், முதல் வரியில் ‘பிறந்த நாடு: அமெரிக்கா’ என்று எழுதுவார். தாய் பிறந்த நாட்டுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.