வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறிக்கான உணவுத் தேர்வு

மருத்துவர்கள் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்று குறிப்பிடும் வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி தனியொரு நோயன்று. தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு ஆகியவற்றின் கோளாறுகள் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படும் நிலை அது. இவற்றில் பலவற்றின் பின்னால் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் உடலில் சரியாக வேலை செய்யாத நிலை, இருக்கிறது என்று 1988இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஜெரால்ட் ரீவன் எடுத்துரைத்தார். அவர் அதற்கு இட்ட பெயர் ‘சிண்ட்ரோம் எக்ஸ்’.

ஐந்து அளவுகளில் மூன்று எல்லை தாண்டியிருந்தால் இந்நிலை உறுதியாகிறது. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மி.கி., டிரைகிளிசரைடு 150 மி.கி., ரத்த அழுத்தம் 130/85 ஆகியவற்றை எட்டினாலோ தாண்டினாலோ கணக்கில் வரும். நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே இறங்கினால் அதுவும் ஒன்று. இடுப்பை அளக்கும்போது பேன்ட் கட்டும் இடத்தில் அளப்பது தவறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் நாடாவை வைக்க வேண்டும். எடைப் பொறி காட்டாததை இந்த நாடா காட்டிவிடும். உடல் நிறை எண் ஒரே அளவாக உள்ள ஐரோப்பியரைவிட இந்தியருக்கு உடற்கொழுப்பு மிகுதியாக இருக்கக்கூடும் என்பதைப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் போன்றோர் காட்டியுள்ளனர். ஆகவே ‘நான் ஒல்லிதானே’ என்ற ஆறுதலை நம்ப முடியாது.

எந்த உணவுமுறை?

உலக அளவில் அதிகம் ஆராயப்பட்டவை மத்தியதரைக்கடல் உணவும் ‘டேஷ்’ உணவும். காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால்பொருள்கள் மிகுந்த டேஷ் முறை ரத்த அழுத்தத்தைக் குறைப்பது 1997இல் அமெரிக்க ஆய்வொன்றில் தெரியவந்தது. உப்பையும் குறைத்தால் பலன் கூடுகிறது. ஸ்பெயினில் 7,447 பேரைக் கொண்டு நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வு, ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவைச் சோதித்தது. பங்கேற்பாளர்களைப் பிரித்த முறையில் குறை கண்டதால் 2013இல் வந்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்தி வெளியிடப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம் குறைகின்றன என்ற முடிவு பெரிதாக மாறவில்லை. அந்த உணவு கூட்டறிகுறி புதிதாக வருவதைத் தடுத்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களில் பலர் அதிலிருந்து மீள உதவியது.

ஆலிவ் எண்ணெய் வாங்கினால்தான் பலன் என்று எண்ண வேண்டியதில்லை. பயறும் காயும் மீனும் கொட்டைகளும் கூடி, தீட்டிய தானியமும் இனிப்பும் குறைவதே இம்முறைகளின் பொது இயல்பு. அதை எந்த ஊர்ச் சமையலிலும் கொண்டுவரலாம்.

சோற்றுத் தட்டின் கணக்கு

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் தொடங்க வேண்டிய இடம் சோறுதான். சென்னைப் பெரியவர்களிடம் நடந்த ‘கியூர்ஸ்’ ஆய்வில், அன்றாடக் கலோரியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து, வந்தது. அதை அதிகம் உண்டவர்களிடம் இடுப்புச் சுற்றளவும் டிரைகிளிசரைடும் கூடியிருந்தன, எச்.டி.எல். குறைந்திருந்தது.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில், தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி டிரைகிளிசரைடு வடிவில் ரத்தத்துக்கு அனுப்புகிறது. டிரைகிளிசரைடு ஏறும்போது எச்.டி.எல். இறங்குவது வழக்கம். ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘கொழுப்பு’ என்று கண்டதும் நெய்யையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, வயிறு நிறைய ரசம் சோறு சாப்பிடுவோர் பலர். அவர்களின் டிரைகிளிசரைடு அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

வழக்கமான மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மூன்று தடவை விழுகிறது; பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. இந்த விகிதத்தைத் திருப்பிப் போட வேண்டும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, எஞ்சிய கால் பங்கு சோறு. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளுச் சுண்டலை மாலைத் தீனியாக மட்டும் கருதாமல் சாப்பாட்டின் பகுதியாக்கலாம். மத்தி, அயிலை போன்ற மீன்களிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு நல்லது. பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது மேல். காயையும் பருப்பையும் முதலில் தின்று சோற்றைக் கடைசியில் உண்டால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான கணக்கீடு, மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் சுமார் 50 முதல் 55 விழுக்காட்டுக்கு இறக்கி, புரதத்தை ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு உயர்த்தச் சொல்கிறது. சோற்றை அறவே விலக்கும் கீட்டோ முறையைவிட இதுவே நடைமுறைக்கு ஏற்றது. ஆண்டுக்கணக்கில் கடைப்பிடிக்க முடியாத உணவுமுறை எவ்வளவு சிறந்ததானாலும் நோயாளிக்கு உதவாது.

பரவலாக நம்பப்படும் சில மாற்றுகள் ஏமாற்றுபவை. இரவில் சோற்றுக்குப் பதில் உண்ணும் மூன்று சப்பாத்தியின் மாவுச்சத்து சுமார் 200 கிராம் சோற்றின் மாவுச்சத்துக்கு ஏறத்தாழ ஈடு. நைசாக அரைத்த கேழ்வரகுக் கஞ்சி விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். சாமை, வரகைத் தவிடு நீக்காமல் முழுத் தானியமாகச் சமைத்து அளவோடு உண்பது மேல். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் உடலுக்குச் சர்க்கரையே. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு தேக்கரண்டி வீதம் மூன்று காபியிலேயே அது தீர்ந்துவிடுகிறது.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்றால் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு அன்றாடம் கூடாது. மது டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் இரண்டையும் கூட்டும்.

எச்சரிக்கையும் கண்காணிப்பும்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் தாழ்சர்க்கரை வரலாம். மருந்தின் அளவையும் உடன் மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவதும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளுக்கு எடைக் குறைப்பு உணவு பொருந்தாது.

உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே ஐந்து அளவுகளிலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். டிரைகிளிசரைடு சில வாரங்களிலேயே இறங்கக்கூடும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையை அதற்குள் அவசரப்பட்டு எடுத்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது.