கப்பல் முகப்பில் ஒரு பெண்

மண்ணரைப் பெருமக்களே! கடல் ஓவியங்களில் பெண் பலியாகிறாள் என்ற அணிக்குப் பேசுகிறேன். கடலில்லாத ஊரில் கடல் பேச்சா? ஏனுங்க, நீங்க தைக்கிற பனியன் கப்பலேறுதே!

லண்டன் கிரீனிச்சில் நிற்கிறது 1869-இல் கட்டிய தேயிலைக் கப்பல் ‘கட்டி சார்க்’. முகப்பிலே மரப்பாவை; கையிலே குதிரைவால்! கவிஞர் பர்ன்ஸ் படைத்த சூனியக்காரி அவள். கடலைக் கிழிக்க முன்னால் நிறுத்துவது பெண்ணைத்தான்!

கிரேக்கக் கதையில் காற்றில்லை, கப்பல் நகரவில்லை. பெற்ற மகள் இபிஜினியாவையே பலியிடத் துணிந்தான் அகமெம்னான். 1757-இல் தியேப்போலோ அதைச் சுவரோவியமாக்கினார். இன்றைய மாயக்கதை ஓவியர்களும் பாறையில் கட்டிய பெண்ணையே வரைகிறார்கள். எதிரணி நண்பர் ‘அழகு’ என்றார். அழகுதான் ஐயா, கட்டுண்டவளைக் கேட்டீர்களா?

நம்ம மணிமேகலா தெய்வம் பலியாகிறவள் அல்ல. கடலில் தத்தளித்த கோவலனின் முன்னோரைக் காத்தவள். இந்திரவிழா நின்றதும் அவள் சாபத்தால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை.

சரி, நம்ம கப்பல் புறப்பட யாரைக் கொடுத்தோம்? நொய்யல் என்ற பெண்ணை! சாயக்கழிவில் மூழ்கடித்தோம். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதானே உறைத்தது?

அகமெம்னானுக்குக் காற்று கிடைத்தது. ஊர் திரும்பியதும் மகளைப் பெற்றவள் கையாலேயே செத்தான். அந்தக் கணக்கை மறக்காதீர்கள் என்று கூறி அமர்கிறேன்.