மித்தி ஆறும் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவும்

மும்பையின் விகார், பவாய் ஏரிகளின் உபரிநீர் மித்தி ஆறாகி, தாராவியைத் தொட்டு மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. நீளம் ஏறத்தாழ 18 கி.மீ. தாராவி ஓரத்தில் அது கறுத்த சாக்கடைதான். மனிதக் கழிவோடு குடல் பாக்டீரியாவும் ஆன்டிபயாடிக் எச்சமும் ஒரே நீரில் சேரும்போது, மருந்துக்கு மடியாதவை பிழைக்கின்றன. அதைவிடக் கவலைக்குரியது, பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையம் வழியே எதிர்ப்பு மரபணுவை அவை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடுவது.

கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனத்தையே முறிக்கும் என்.டி.எம்-1 நொதியை மாஹிம் இந்துஜா மருத்துவமனை ஆய்வாளர்கள் அம்மருந்துக்கு மடியாத 24 கிருமி மாதிரிகளில் 22இல் கண்டதாக 2010இல் அறிவித்தனர். மறு ஆண்டே டெல்லியின் குழாய்நீரிலும் தெருவில் தேங்கிய நீரிலும் அதன் மரபணு சிக்கியது. 2005 ஜூலை 26 பெருமழையில் மித்தி கரைபுரண்டபோது, மனிதக் கழிவு கலந்த அதன் நீர்தான் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது.